பொங்கல் லீவில் அல்மாட்டி: அத்தையை அழைத்துப்போகலாமா?

"அக்கா, நாங்கள் ஈரோட்டில் இருக்கிறோம். எனக்கு 36 வயது. பொங்கல் லீவுக்கு நான், கணவர், 8 வயது மகள், மாமியார் (64) நாலு பேரும் கஜகஸ்தானில் இருக்கும் அல்மாட்டிக்கு ஆறு நாள் போவதாகக் கணவர் என்னைக் கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டார். மகளுக்குப் பனி பார்க்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். அத்தைக்கு லேசான வீசிங் உண்டு, சைவம், சேலை தவிர எதுவும் உடுத்தமாட்டார். 'ஜனவரியில் போனால் உறைந்துபோவீர்கள்' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அத்தையை விட்டுவிட்டுப் போகலாமா, இல்லை மே மாதத்துக்கு மாற்றிவிடலாமா? ஏஜென்ட் கொடுத்த பிளானை இணைத்திருக்கிறேன். பனி மனிதனுக்கு மூக்கு வைக்க இங்கிருந்தே கேரட் கொண்டுபோக வேண்டுமா என்று மகள் கேட்கச் சொன்னாள்."
– வாசகி, ஈரோடு

மாற்ற வேண்டாம், போய்வாருங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டுதான், ஆனால் அவருடைய மூச்சுக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் சரி என்று சொன்ன பிறகு. உங்களைக் கேட்காமல் டிக்கெட் போட்டது தனிப் பஞ்சாயத்து, அதற்கு இன்னொரு வாரம் எழுதுங்கள்.

உறைந்துபோவீர்கள் என்று சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த ஊருக்குப் போயிருக்கமாட்டார் என்று பந்தயமே கட்டுவேன். மத்திய ஆசியா என்றாலே மைனஸ் நாற்பது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த மாதிரிக் குளிர் வடக்கே அஸ்தானா பக்கம். அல்மாட்டி தெற்கே, மலையடிவாரத்தில், காற்று அதிகம் வீசாத ஊர். ஜனவரிப் பகலில் பூஜ்யத்தை ஒட்டி, ராத்திரியில் மைனஸ் எட்டு, பத்து, வழக்கமாக அவ்வளவுதான். மைனஸ் 20க்கு இறங்குகிற நாட்களும் எப்போதாவது வரும் என்பதால் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு வானிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு உள்ளேயோ நிலைமை நேர்மாறு. கட்டடங்களில் சுடுநீர்க் குழாய் ஓடி அறையெல்லாம் அடுப்படி மாதிரி இருக்கும். நான் போயிருந்தபோது ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துத்தான் தூங்கினேன். ஆக ஒரே ஒரு தடி கோட்டை நம்பாதீர்கள். கடைக்குள், மெட்ரோவுக்குள், டாக்சிக்குள் நுழைகிறபோதெல்லாம் வேர்க்கும், வெளியே வந்ததும் அந்த வேர்வைதான் குளிர்ந்து உயிரை வாங்கும். உள்ளே தெர்மல் (பருத்தி பனியன் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்), மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட், இப்படிக் கழற்றி மாட்டத் தோதாக இருக்கட்டும். காதை மூடும் குல்லாவும் கையுறையும் மகளுக்கு இரண்டு செட், ஒன்று கட்டாயம் தொலையும்.

நான் உண்மையிலேயே பயப்படுவது தரைக்கு. பகலில் பனி கொஞ்சம் உருகும், சாயங்காலம் மறுபடி கண்ணாடியாக இறுகும், அதன்மேல் ராத்திரி தூவுகிற புதுப்பனி விழுந்து மூடிவிடும். பார்க்கப் பஞ்சு, கால் வைத்தால் எண்ணெய் கொட்டிய தரை. இதில் அந்த ஊருக்கே உரிய கூடுதல் சங்கதி ஒன்று உண்டு. தெருவோரம் நெடுக, மலைத்தண்ணீர் மரங்களுக்குப் பாய்வதற்காகத் திறந்த வாய்க்கால்கள் வெட்டியிருப்பார்கள், அரிக் என்று பெயர். குளிர்காலத்தில் தண்ணீர் இருக்காது, பனி மூடியிருக்கும், வாய்க்கால் எது நடைபாதை எது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. இரண்டாம் நாளே டாக்சியிலிருந்து இறங்குகிறேன் பேர்வழி என்று முழங்கால்வரை அதில் இறங்கினவள் நான். ஒடியவில்லை, புண்ணியம். ஆனால் 64 வயதில் அப்படி விழுந்தால் பயணமே ஆஸ்பத்திரியில் முடியும். அதனால் ஜாக்கெட்டில் மிச்சம் பிடித்தாலும் ஷூவில் பிடிக்காதீர்கள். கணுக்காலுக்கு மேல் ஏறுகிற, அடிப்பகுதியில் ஆழமாக வரி வெட்டிய பூட்ஸ், வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக. இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்கிற, சின்னச் சின்ன இரும்பு முள் வைத்த ரப்பர் பட்டை கிடைக்கிறது, அத்தைக்கு ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள், மறக்காமல் மால் வாசலில் கழற்றிவிடச் சொல்லுங்கள். நடக்கிறபோது கை பாக்கெட்டில் இருக்கக்கூடாது, எட்டுச் சின்னதாக வைக்க வேண்டும்.

சேலை விஷயம். கட்டலாம், தப்பில்லை, உள்பாவாடைக்குப் பதில் கம்பளி கலந்த தெர்மல் பேன்ட், அதன்மேல் சேலை, அதன்மேல் முழங்காலுக்குக் கீழே வருகிற கோட் என்று போட்டால் குளிர் தெரியாது. சிக்கல் கரையில்தான் இருக்கிறது. தரையைத் தொடுகிற கரை பனியில் நனைந்து, அரை மணியில் அப்பளம் மாதிரி விறைத்து, கணுக்காலில் அடித்துக்கொண்டே வரும். நாற்று நடுகிறவர்கள் மாதிரி ஒரு சாண் தூக்கிக் கட்டி பின் குத்திக்கொள்ளச் சம்மதிப்பார் என்றால் சரி. இல்லையென்றால் மலைக்குப் போகிற ஒரு நாளுக்கு மட்டும் சுடிதார் என்று பேசிப் பாருங்கள். மருமகள் சொன்னால் கேட்கமாட்டார், பேத்தியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் வீசிங். இதைத்தான் உங்கள் ஏஜென்ட் சொல்லியிருக்கமாட்டார். குளிர்காலத்தில் அல்மாட்டியின் காற்று மோசம். நிலக்கரியில் ஓடும் மின்நிலையம், விளிம்பில் இருக்கும் வீடுகளின் கரி அடுப்பு, லட்சக்கணக்கான கார், இவை விடுகிற புகை மலையடிவாரப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். வழக்கமாக மேலே போகப் போகக் குளிரும் அல்லவா, காற்றில்லாத குளிர்கால நாட்களில் அது தலைகீழாகிவிடும்: கனத்த குளிர்காற்று கீழே படிந்துவிட, அதைவிட வெதுவெதுப்பான காற்று மேலே மூடிபோட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும், புகை மேலெழும்ப வழியிருக்காது. இந்தத் தொந்தரவிலேயே உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஊர் சாம்பல் நிறத்தில் மூச்சுத் திணறுகிற அதே நேரம், அரை மணி டாக்சி தூரத்தில் மேலே போனால் பளீரென்று வெயில், நீல வானம், கீழே குனிந்து பார்த்தால் ஊர் இருந்த இடத்தில் அழுக்குக் கம்பளி. அதனால் தங்கும் இடத்தை ஊரின் தெற்கே, மலையை ஒட்டிய மேட்டுப் பகுதியில் பிடியுங்கள். பஜார் பக்கம் கீழே விலை மலிவு என்று ஏஜென்ட் சொன்னாலும் வேண்டாம். போனில் காற்றுத்தரத்தைக் காலையில் பார்த்து, மோசமான நாளில் மலைக்கு, நல்ல நாளில் ஊருக்குள் என்று அன்றன்றைக்கு முடிவெடுங்கள். என்95 மாஸ்க் எடுத்துப்போங்கள், இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் போடாதீர்கள்.

மலையில் எங்கே? முதலில் மெதேவு. 1691 மீட்டர் உயரத்தில் திறந்தவெளி ஐஸ் சறுக்குத் திடல், 10,500 சதுர மீட்டர், 12ஆம் எண் பஸ்ஸே போகும், சறுக்கு ஷூ அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் மகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். அதற்கு மேலே ஒரு பெரிய அணை தெரியும், தண்ணீருக்காகக் கட்டியது இல்லை, மலையிலிருந்து வரும் சேற்று வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது. 1973இல் வந்த வெள்ளத்தை அதுதான் நிறுத்தி ஊரைக் காப்பாற்றியது. அதில் ஏற 842 படி, அத்தைக்கு அதைக் காட்டாமலே கூட்டிப்போய்விடுங்கள். மெதேவிலிருந்து கேபிள் கார் ஏறினால் 2260 மீட்டரில் ஷிம்புலாக், பனிச்சறுக்கு ஊர். அத்தை அங்கே வெயிலில் உட்கார்ந்து டீ குடிக்கட்டும். அதற்கும் மேலே 3000 மீட்டரைத் தாண்டிப் போகிற கேபிளில் நீங்களும் கணவரும் மட்டும் மாறி மாறிப் போய்வாருங்கள், வீசிங் உள்ளவருக்கு அந்த உயரம் தேவையில்லாத வம்பு.

ஏஜென்ட் பிளானைப் பார்த்தேன். மூன்றாம் நாள் கொல்சாய், கைண்டி ஏரிகள், ஒரே நாளில் போய்த் திரும்புவது. அடித்துவிடுங்கள். ஒரு பக்கமே 300 கிலோமீட்டர் பக்கம், பனி ரோடு, ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். (2024 மார்ச்சில் நாடு முழுக்க ஒரே நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளினார்கள், நம்மூரைவிட இப்போது அரை மணிதான் பின்னால், சாயங்காலம் பறிபோனதில் அல்மாட்டிக்காரர்களுக்கு இன்னும் கோபம்.) நாலாம் நாள் சாரின் பள்ளத்தாக்கும் வேண்டாம், அது மே மாதத்து இடம். அந்த இரண்டு நாளையும் ஊருக்கே கொடுங்கள். பன்பிலோவ் பூங்காவில் 1907இல் கட்டி முடித்த மரத் தேவாலயத்தைப் பாருங்கள். 1887 நிலநடுக்கத்தில் செங்கல் வீடெல்லாம் விழுந்துபோன ஊர் என்பதால் மரத்தில் கட்டினார்கள், 1911 ஜனவரியில் அடுத்த பெரிய நிலநடுக்கம் வந்தபோது அது அசைந்துகொடுத்து நின்றுவிட்டது. பக்கத்திலேயே அரசான் குளியல் இல்லம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பகுதி, நீராவி, சூட்டறை, பிறகு குளிர்ந்த நீர்த்தொட்டி. உள்ளே யாரும் துணி உடுத்துவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. வெட்கத்தை அரை மணி மூட்டைகட்டி வைத்தால் குளிர்காலத்தில் அதைப்போல சுகம் இல்லை. அத்தைக்கு நீராவி வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அத்தை கொஞ்சம் அனுசரிக்க வேண்டும், கறி இல்லாத விருந்தே இல்லாத நாடு. "பெஸ் மியாசா" என்றால் ரஷ்யமொழியில் கறி இல்லாமல் என்று அர்த்தம், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சூப் விஷயத்தில் அந்த வார்த்தையையும் நம்பவேண்டாம், கறித்துண்டை எடுத்துவிட்டு எலும்புச் சாற்றோடு தருவார்கள். தந்தூர் ரொட்டி, பூசணி வைத்த மந்தி (ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி), தயிர், உலர்பழம் இதெல்லாம் தாராளம். சமையலறை உள்ள அபார்ட்மென்டாக எடுத்தால் அரிசியும் பருப்புப்பொடியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரு நல்ல சேதி: கஜக்குகள் டீயில் பால் ஊற்றிக் குடிப்பவர்கள். அத்தைக்கு அந்த நாடு பிடித்துப்போக இது ஒன்றே போதும்.

சில்லறை விஷயங்கள். 14 நாள்வரை நமக்கு விசா தேவையில்லை. டாலர் கொண்டுபோய் அங்கே டெங்கேயாக மாற்றுங்கள். குளிரில் போன் பேட்டரி திடீரென்று செத்துப்போகும், உள் பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வையுங்கள். உதட்டுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் வாசலின் தடவுங்கள்; தேங்காய் எண்ணெய் வெளியே எடுத்த அடுத்த நிமிடம் மெழுகுவர்த்தியாகிவிடும்.

கடைசியாக மகளுக்கு. ஷிம்புலாக்கில் கடுங்குளிரான நாளில் பனி மாவு மாதிரி உதிரும், எவ்வளவு அமுக்கினாலும் உருண்டை பிடிக்காது, அழவேண்டாம் என்று சொல்லுங்கள். பூஜ்யத்தை ஒட்டிய ஒரு மத்தியானம் ஊருக்குள் பூங்காவில் முயற்சி செய்தால் இட்லி மாவுப் பக்குவத்தில் ஒட்டும். கேரட் இங்கிருந்து வேண்டாம். பச்சை பஜாரில் கிடைக்கும், ஆனால் முழுதாக இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். 1937இல் ஸ்டாலின் தூரகிழக்கிலிருந்து ரயிலேற்றி அனுப்பிய கொரியர்களின் பேத்திகள் அங்கே வரிசையாகக் கடை போட்டிருப்பார்கள். கிம்ச்சி என்கிற கொரிய ஊறுகாய்க்கு வேண்டிய முட்டைக்கோஸ் கிடைக்காமல் கேரட்டைக் கையில் எடுத்த குடும்பங்கள், எல்லாவற்றையும் நூல் நூலாகச் சீவி மிளகாய் போட்டு வைத்திருப்பார்கள். அதை மீசையாக வைக்கலாம்.