எஞ்சின் மிஸ் ஆவதும் பெட்ரோல் தேர்வும்: கேள்வி பதில்

செந்தூலில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கார் பட்டறை நடத்தி வருகிறேன். கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கெப்போங்கிலிருந்து ஒரு சகோதரி): ஐயா, என் எட்டாண்டுப் பழைய மைவி காலையில் கிளப்பியதும் நடுங்குகிறது, எஞ்சின் விளக்கும் எரிகிறது. ரோன் 97 பெட்ரோல் அடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். நான்கு முறை தொட்டியை நிரப்பியும் அப்படியேதான் இருக்கிறது.

பதில்: அம்மா, நாற்பது முறை நிரப்பினாலும் அப்படியேதான் இருக்கும். ஒரு சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒழுங்காக எரிய வேண்டுமானால் சரியான அளவில் காற்றும் எரிபொருளும் கலந்திருக்க வேண்டும், போதிய அழுத்தம் இருக்க வேண்டும், உரிய நொடியில் வலுவான தீப்பொறி விழ வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சிலிண்டர் எரியாமல் சும்மா சுற்றும்; இதைத்தான் மிஸ் ஆவது என்கிறோம். மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுப்பதால்தான் வண்டி நடுங்குகிறது. ரோன் எண் என்பது, அழுத்தத்துக்கு ஆளாகும்போது பெட்ரோல் தானாகவே பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு மட்டுமே. தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில் பழுதானாலோ, தீப்பொறி விழவைக்கும் பிளக் தேய்ந்தாலோ அது சீர்ப்படுத்தாது.

முதலில் பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பிழை எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்றில்லாமல் பரவலாக மிஸ் ஆகிறது என்று பொருள். உங்கள் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருப்பதால் சோதனை எளிது. முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாற்றிப் பொருத்தி, பிழையை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழையும் இரண்டாவதுக்குப் போனால் குற்றவாளி காயில்தான். போகாவிட்டால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் முதல் சிலிண்டரிலேயே நின்றால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும், அதன்பின் கம்ப்ரெஷனையும், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். காயிலை மாற்றிப் பார்க்கும் சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. இதைச் செய்யாமல் நான்கு காயில்களையும் மாற்றச் சொல்பவரிடம் தயங்காமல் காரணம் கேளுங்கள்.

பிளக்கைக் கழற்றும்போது அந்தக் குழிக்குள் எஞ்சின் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று நீங்களே எட்டிப் பாருங்கள். தேங்கியிருந்தால் எஞ்சின் மேல்மூடியின் கேஸ்கெட், அதாவது கசிவைத் தடுக்கும் பட்டை, கசிகிறது. அதை மாற்றாமல் போடும் புதுக் காயிலும் நாளடைவில் கெட்டுப்போகும்.

கேள்வி (ரவாங்): கெந்திங் மேட்டில் ஏறும்போது எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. மெதுவாக மேலே போய்ச் சேர்ந்துவிட்டேன். பரவாயில்லையா?

பதில்: அப்படி ஏறியிருக்கக் கூடாது. விளக்கு நிலையாக எரிந்தால் சில நாளில் பட்டறைக்குப் போகலாம். மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று எச்சரிக்கிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிடும். நூறு இருநூறு ரிங்கிட்டில் முடிய வேண்டிய பழுது ஆயிரக்கணக்கில் போவது இப்படித்தான். இனி அவ்வாறு மின்னினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

கேள்வி (கிள்ளான்): பழைய புரோட்டோன் வீரா 1.5 கார். மழை பெய்தால் மட்டும் மிஸ் ஆகிறது. வெயில் அடித்தால் ஒன்றுமே இல்லை.

பதில்: பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலோ பிளக் வயர்களிலோ விரிசல் இருக்கக்கூடும், ஈரம் பட்டதும் மின்சாரம் அதன் வழியே கசிகிறது. இரவில் எஞ்சினை ஓடவிட்டு, வயர்களின் மேல் மெல்லிய சாரலாகத் தண்ணீர் தெளித்து, கையால் எதையும் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். நீலப்பொறி தெறிக்கும் இடமே பழுது.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): அப்படியானால் ரோன் 97 யாருக்குத்தான் தேவை? என் தந்தை 95 போதும் என்கிறார், தம்பி 97தான் நல்லது என்கிறான்.

பதில்: பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள், அங்கே 95 என்று இருந்தால் உங்கள் தந்தை சொல்வதே சரி. இந்நாட்டில் 2009-இல் ரோன் 92 விலக்கப்பட்டு 95 வந்தது. அதற்கு முன் 92-இலேயே நன்றாக ஓடிய கார்கள் பல இன்றும் சாலையில் இருக்கின்றன. பெட்ரோலில் அரசின் உதவித்தொகை ரோன் 95-க்குத்தான் உண்டு. புடி95 திட்டம் 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கியபோது தகுதியுள்ள மலேசியருக்கு லிட்டர் 1.99 ரிங்கிட் என்று விலை வைத்தார்கள். தேவையில்லாத வண்டிக்கு 97 அடிப்பது அந்தச் சலுகையை வீசி எறிவதாகும். ரோன் எண் கூடுவதால் பெட்ரோலின் ஆற்றல் கூடிவிடுவதில்லை.

மூடியில் 97 என்று கேட்கும் சில டர்போ வண்டிகளின் நிலை வேறு. அவற்றுக்கு 95 அடித்தால், மேடேறும்போது கோலிக்குண்டுகளைக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம் எழலாம். அது பெட்ரோல் அழுத்தத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும் நாக்கிங், மிஸ் அல்ல. நாக் சென்சார் அதை உணர்ந்து தீப்பொறி விழும் நேரத்தைத் தள்ளிவைக்கும். எஞ்சின் தப்பிக்கும், ஆனால் இழுவை குறையும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். மிஸ் என்பது நடுக்கம், நாக்கிங் என்பது சத்தம் என்று பிரித்தறிந்தாலே வீண்செலவில் பாதி குறையும்.

கேள்வி (அம்பாங்): தொட்டியை நிரப்பிவிட்டு வந்த பத்தே நிமிடத்தில் மிஸ் ஆகத் தொடங்கியது.

பதில்: இந்த ஒரு நிலையில்தான் நான் முதலில் பெட்ரோலைச் சந்தேகிப்பேன். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பட்டறையில் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாகத் தங்கிவிடும். தவறுதலாக டீசல் அடித்திருந்தாலோ எஞ்சினை மீண்டும் கிளப்பாமல் இழுத்துச் சென்று தொட்டியைக் காலி செய்யுங்கள்.

கேள்வி (செலாயாங்): இன்ஜெக்டர் கழுவும் மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் மிஸ் நிற்குமா?

பதில்: இன்ஜெக்டரில் லேசாகப் படிவு இருந்தால் ஓரளவு உதவும். காயில் மாற்றிப் பார்க்கும் சோதனையை முதலில் செய்துவிட்டு, இன்ஜெக்டர் மேல்தான் சந்தேகம் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.