பல்பு தாத்தாவும் வெல்க்ரோ மாமாவும்: டீச்சரிடம் கேளுங்கள்

கும்பகோணத்தில் பாலர் வகுப்பு எடுத்து ஓய்வுபெற்ற டீச்சர், கண்டுபிடிப்பாளர்கள் பற்றிய படப்புத்தகங்களைக் குழந்தைகளிடம் கொண்டுபோவது பற்றிப் பதில் சொல்கிறார்.

டீச்சர், மகளுக்கு மூன்றரை வயது. எடிசன் படப்புத்தகம் வாங்கினேன். இரண்டு பக்கத்துக்குள் எழுந்து ஓடிவிடுகிறாள். (பாபநாசம்)

ஓடட்டும் அம்மா. அந்த வயதில் எடிசன் யாரோ ஒரு தாத்தா. ஆளை விட்டுவிட்டுப் பொருளில் தொடங்குங்கள். அவள் செருப்பில் பர்ரென்று பிரியும் வெல்க்ரோ இருக்கிறதா? வரப்பில் நடந்தால் பாவாடையெல்லாம் நாயுருவி ஒட்டிக்கொண்டு வருமே, அதில் ஒன்றைப் பிய்த்துக் கையில் கொடுங்கள். அப்புறம் கதை. சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்று ஒரு மாமா 1941-இல் நாயோடு மலைப்பக்கம் போனார். உடுப்பிலும் நாயின் முடியிலும் முள்விதைகள் ஒட்டின. உதறிவிட்டுப் போகாமல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். குட்டிக் குட்டிக் கொக்கிகள்! அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, செருப்பைப் பிரித்துப் பிரித்து ஒட்ட விடுங்கள். ஆண்டெல்லாம் உங்களுக்குத்தான், அவளுக்கு வேண்டாம். புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

பேரன் ஒன்றாம் வகுப்பு. “பல்பை எடிசன்தான் கண்டுபிடிச்சாரா தாத்தா?” என்றான். ஆமாம் என்றேன். சரிதானே? (மன்னார்குடி)

பாதி சரி ஐயா. அவருக்கு முன்பே பலர் செய்து பார்த்தார்கள். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வானும் அதே காலத்தில் விளக்கு எரியவைத்தார். 1883-இல் அங்கே இருவர் தொழிலும் ஒரே கம்பெனியானது. “நிறையப் பேர் முயற்சி பண்ணினாங்க, எடிசனும் அவர் பட்டறை ஆட்களும் ரொம்ப நேரம் எரிய வச்சாங்க” என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வான். ஒரே ஆள் மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பதுபோலப் படம் போட்ட புத்தகங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பட்டறையும் கூட்டாளிகளும் தெரிகிற புத்தகமாகப் பாருங்கள்.

“எல்லாருமே ஆம்பளைங்களா இருக்காங்களே” என்கிறாள் என் பெண். (திருவாரூர்)

நல்ல கேள்வி. ஜவுளிக்கடையில் தரும் அடி தட்டையான காகிதப் பையை அவள் முன்னால் நிற்கவையுங்கள். அப்படிப்பட்ட பை செய்யும் இயந்திரத்தை அமைத்தவர் அமெரிக்காவின் மார்கரெட் நைட். அவர் மாதிரியைப் பார்த்த ஒருவன் தன்னுடையது என்று காப்புரிமை வாங்கிவிட்டான். நைட் வழக்காடி ஜெயித்து, 1871-இல் தன் பெயரில் பெற்றார். திருடன் வரும் கதையென்றால் பிள்ளைகள் அசையமாட்டார்கள்!

லூயி பிரெய்ல் கதையில் கண்ணில் ஊசி குத்துகிறதே, பயப்படமாட்டானா? நாலு வயது. (வலங்கைமான்)

அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்புங்கள். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை 15 வயதில் அவர் உருவாக்கிய இடத்தில் நிதானியுங்கள். கெட்டி அட்டையில் ஊசியால் நீங்களே புள்ளி குத்தி, அவனைக் கண்மூடித் தடவச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் ராமானுஜன் கண்டுபிடிப்பாளரா? (கும்பகோணம்)

கணித மேதை. பட்டியலில் சேர்த்துக் குழப்பாதீர்கள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீடு இருக்கிறது, கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

விலை கட்டுப்படியாகவில்லையே டீச்சர்? (சீர்காழி)

நூலகத் துறைக்கு எஸ்.ஆர். ரங்கநாதனைத் தந்த ஊர்க்காரர் இப்படிக் கேட்கலாமா! கிளை நூலகத்தில் சேருங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். பிடித்ததை மட்டும் அச்செடுத்துக் கொடுங்கள், போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.