தாய்மாமன் சீருக்கு மூன்று வட்டி, மகனின் ஊசிக்குக் கைமாற்று

கேள்வி: கடலூர் சிப்காட்டில் வேலை. சம்பளம் 34,000 ரூபாய். ஐந்து மாத மகனுக்கு மென்கிஸ் நோய் (உடல் தாமிரத்தைச் சரியாக ஏற்காத பிறவி நோய்) என்று மூன்றாம் மாதத்தில் தெரியவந்தது. தினமும் இருவேளை தாமிர ஊசி போடுகிறோம். மருந்தும் புதுச்சேரிக்குப் போய்வரும் செலவும் மாதம் 8,000 ஆகிறது. பல மாதம் கைமாற்றுதான். அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுச் சீருக்கு வாங்கிய 2,50,000 ரூபாய்க்கு 14 மாதமாக மூன்று வட்டி கட்டுகிறேன். தை மாதம் தங்கை மகனுக்குக் காதுகுத்து. இன்னும் 1,50,000 வாங்க வேண்டும். மனைவியின் 11 பவுன் பீரோவில் இருக்கிறது. அடகு வைத்தால் கௌரவக் குறைச்சல் என்கிறார் அம்மா. அடுத்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கும் திட்டத்தில் 60,000 ரூபாய் கட்டச் சொல்கிறார் ஒரு முகவர். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். ஆனால் உங்களைக் கவிழ்ப்பது அந்த முகவர் அல்ல. கடன் வாங்கிச் சீர் செய்யும் பழக்கம்.

மாதம் 7,500 வீதம் இதுவரை 1,05,000 கட்டியிருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. தை மாதக் கடனும் சேர்ந்தால் வட்டி மட்டும் 12,000. மகனின் வைத்தியத்தைவிட 4,000 அதிகம். ஆசையாகச் சீர் செய்யும் தாய்மாமனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டு நிலைமை அக்காவுக்கும் தங்கைக்கும் தெரியுமா? சொல்லாமலே மறைத்திருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

பீரோவில் இருக்கும் நகையில் நான்கைந்து பவுனை வங்கியில் வையுங்கள். இன்றைய விலைக்கு அது போதும். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தால் வட்டி 25,000. இப்போது நீங்கள் கட்டுவது 90,000. மூன்று வட்டிக் கடனை ஒரே நாளில் அடைத்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். அதே 7,500-ஐ மாதாமாதம் வங்கியில் கட்டினால் ஓராண்டில் பாக்கி சுமார் 1,82,000-ஆக இறங்கும். கடன்காரரிடம் கைகட்டி நிற்பதில் போகாத கௌரவம் வங்கியில் நகை வைப்பதிலா போய்விடும்? ஒன்று, நகை உங்கள் மனைவியுடையது. அம்மாவிடம் அல்ல, அவரிடம் கேளுங்கள்.

இனி அந்த 60,000. தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பதும் அதே குழந்தையின் மரபணுதான். குறையோடு பிறந்தால் சேமித்த அணுக்களிலும் அதே குறை இருக்கும். உங்களுக்கு வேண்டியது வேறு. இந்த நோய் ஏடிபி7ஏ என்ற மரபணுவில் வரும் பழுது. மனைவி தனக்கு நோய் இல்லாமலே அந்தப் பழுதைச் சுமப்பவர் என்றால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அந்தப் பழுதைச் சுமக்காத தாய்க்கும் குழந்தையில் புதிதாக ஏற்பட்ட பழுதால் இப்படிப் பிள்ளை பிறப்பதுண்டு. ஆகவே பரிசோதனைக்கு முன்பே அவர்மேல் பழிபோட வீட்டில் யாரையும் விடாதீர்கள். ஊசியைப் பிறந்த முதல் 28 நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் கூடுதல். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாமிரம் இயல்பாகவே குறைவாக இருப்பதால் அந்த அளவை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. எனவே அடுத்த கர்ப்பத்துக்கு முன் மனைவிக்கு மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தேவை. செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அதற்கும் காசு போட வேண்டாம். இந்தக் குழந்தைகளின் குடலிலிருந்து தாமிரம் ரத்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது, அதனால்தான் ஊசி.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, 2021-இல் வந்தது. பட்டியலில் உள்ள நோய்களுக்குச் சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அத்தகைய மையம். மகனுக்குப் பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

காதுகுத்துக்குக் கட்டாயம் போங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சட்டையும் 2,001 ரூபாய் மொய்யும் போதும். தங்கையிடம் விஷயத்தை இந்த வாரமே சொல்லிவிடுங்கள், பத்திரிகை அடிப்பதற்கு முன்.