கம்பளத்தை நனைப்பது எளிது, காய வைப்பதுதான் வேலை: கேள்வி பதில்

வீட்டுக் கம்பளங்களை ஆழமாகச் சுத்தம் செய்வது பற்றி வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கம்பளம் வெளுப்பது மட்டுமே என் தொழில் என்பதால், சோபாவையும் மெத்தையையும் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

வேளச்சேரி வாசகி: ஐயா, கம்பளி என்று சொல்லிக் கடையில் கொடுத்த விரிப்பு ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே அலசலாமா?

முதலில் அதைத் திருப்பிப் போட்டுப் பின்புறத்தைப் பாருங்கள். முன்புறத்துப் பூவேலை பின்புறத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது கையால் முடிந்த கம்பளம். பின்புறம் முழுவதும் ஒரு துணி ஒட்டியிருந்தால் அது ‘டஃப்டட்’ வகை. அதன் இழைகளைப் பிடித்து நிறுத்தியிருப்பது உள்ளே பூசிய லேட்டக்ஸ் பசைதான். அந்தப் பசை ஊறினால் துணி பிரிந்து வரும். பழைய பசையாக இருந்தால் மாவாக உதிரும். ஆகவே கையால் முடிந்ததை ஓரளவு தாராளமாக நனைக்கலாம். ஒட்டியதை மேலாகத் துடைக்க மட்டுமே செய்யலாம்.

அடுத்து, ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் எழுந்து சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் செயற்கை இழை. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி அல்லது மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் இழை. பட்டு என்று விற்கப்படும் பளபளப்பான விரிப்புகளில் பல விஸ்கோஸே. நனைந்தால் வலுவிழந்து, காய்ந்தபின் விறைத்துப் பழுப்பேறும் அந்த இழையை நீங்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

கம்பளிதான் என்று உறுதியானால், தண்ணீரைத் தொடுவதற்கு முன் வேக்குவம் கிளீனரால் இரு பக்கமும் நிதானமாக உறிஞ்சி எடுங்கள். அழுக்கின் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் மணலும்தான். அதை விட்டுவிட்டு நனைத்தால் சேறாகி அடியில் இறங்கிவிடும். ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்திப் பார்த்துச் சாயம் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகு, கம்பளி உடைகளுக்கான திரவ சோப்பில் ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்து, நுரையை மட்டும் பஞ்சில் எடுத்து, இழை சாய்ந்திருக்கும் திசையிலேயே துடையுங்கள். பிறகு வெறும் நீரில் பிழிந்த துணியால் சோப்பு போகும்வரை துடைத்து, உலர்ந்த துண்டை விரித்து அதன்மேல் ஏறி மிதித்து ஈரத்தை வாங்குங்கள். கடைசியாக, அடியிலும் காற்றுப் போகும்படி நிழலில் உயர்த்திப் போட்டு மின்விசிறியை ஓட விடுங்கள். துணி வெளுக்கும் பொடியும் பிளீச்சிங் திரவமும் அருகிலேயே வரக்கூடாது. பிளீச்சிங் திரவம் கம்பளி இழையைக் கரைத்தே விடும்.

தாம்பரம் வாசகர்: சமையல் சோடாவைத் தூவி வினிகர் ஊற்றினால் பொங்கி அழுக்கு வெளியே வரும் என்கிறார்களே?

பொங்குவது கரியமில வாயு. ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பின் மிஞ்சுவது கொஞ்சம் உப்பும் தண்ணீரும்தான். வாடை போக வேண்டுமானால் உலர்ந்த சோடாவைத் தூவி, ஓர் இரவு விட்டு உறிஞ்சி எடுங்கள். தேநீர்க் கறைக்கு நீர் கலந்த வினிகரைத் தனியாக ஒற்றுங்கள். இரண்டையும் சேர்க்காதீர்கள்.

கோவை வாசகி: சாம்பார் கொட்டிய இடத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறை சிவந்துவிட்டது. சாயம் போய்விட்டதா, ஐயா?

சாயம் போகவில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கம்பளத்தில் நடந்ததும் அதுதான். மஞ்சளில் உள்ள நிறப்பொருளான குர்க்குமின், சுண்ணாம்பிலும் சோப்பிலும் உள்ள காரத்தன்மை பட்டால் சிவக்கும். நீர் கலந்த வினிகரை ஒற்றினால் மஞ்சள் நிறம் திரும்பும். எண்ணெய்ப் பசையை மென்மையான திரவ சோப்பால் எடுத்துவிட்டு, மற்ற பகுதியைத் துணியால் மூடி, கறை மட்டும் வெயிலில் படும்படி வையுங்கள். குர்க்குமின் வெயிலில் சிதையும். ஒரே நாளில் போகாது. தேய்க்க மட்டும் தேய்க்காதீர்கள்.

மதுரை வாசகர்: மேலே நிழல் என்றீர்கள், இங்கே வெயில் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் எந்தக் கம்பளமானாலும் மொட்டை மாடியில்தான் உலர்த்துவோம், ஒன்றும் ஆனதில்லை. வெயில் படாமல் கிருமி எப்படிச் சாகும்?

கறையின் நிறத்தைச் சிதைக்கும் அதே வெயில்தான் கம்பளத்தின் சாயத்தையும் சிதைக்கிறது. மஞ்சள் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். வெளிறுவது மெதுவாக நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல ஆண்டுகளாக மேசை நின்ற இடத்தை நகர்த்திப் பார்த்தால் தெரியும்.

மதுரை வாசகர் (மீண்டும்): சாயம் கொஞ்சம் வெளிறினால் என்ன, ஐயா? தூசிப் பூச்சியால் மூச்சிரைப்பு வருவதைவிட அது மேல் அல்லவா?

நியாயமான வாதம். ஆனால் தூசிப் பூச்சியை ஒடுக்குவது வறட்சி. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் அவை பிழைப்பது அரிது. உங்கள் ஊரின் கோடைக் காற்றுக்கு அந்த வேலை தெரியும். கடலோரச் சென்னையில் மாடி வெயில் எவ்வளவு சுட்டாலும் காற்று பிசுபிசுப்பாகவே இருக்கிறது. வெயிலில் போட்டே தீர வேண்டுமென்றால், கையால் முடிந்த கம்பளத்தை முகம் கீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். துணி ஒட்டிய வகையை அப்படியும் போடாதீர்கள். லேட்டக்ஸ் வெயிலில் வெடிக்கும்.

பெரம்பூர் வாசகி: சோடாவும் வினிகரும் எந்த அளவில் கலக்க வேண்டும்?

தாம்பரம் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டொரன்டோ வாசகர்: வீடு முழுவதும் தரையோடு பதித்த கார்ப்பெட். வாடகை இயந்திரத்தால் கழுவிய ஒரு மாதத்தில் முன்பைவிட அழுக்காகிவிட்டது, அண்ணா.

சோப்பு தங்கிவிட்டது. தங்கிய சோப்பு பிசினாகி, நடக்கும் ஒவ்வொரு காலிலிருந்தும் மண்ணை வாங்கிக்கொள்ளும். இன்னொரு முறை வெறும் வெந்நீரோடு ஓட்டி, தண்ணீர் விடும் விசையை அழுத்தாமல் அதே தடத்தில் உறிஞ்ச மட்டும் இரண்டு மூன்று முறை இழுங்கள். ஒரு நாளுக்குள் காய வேண்டும். இரண்டு நாள் ஈரமாகவே கிடந்தால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

ஈரோடு வாசகி: பவானி ஜமக்காளத்தின் சாயம் போகாமலிருக்க உப்பு நீரில் ஊற வைக்கலாமா?

உப்பு ஒட்டாத சாயத்தை ஒட்ட வைக்காது. குளிர்ந்த நீரில், ஊற விடாமல், தனியாக விரைந்து அலசுங்கள். சிவப்புப் பட்டை வெள்ளைப் பட்டையின் மேல் படியும்படி ஈரத்தோடு மடித்து வைத்தால் பழுது உறுதி.

நாகர்கோவில் வாசகர்: நாய்க்குட்டி சிறுநீர் கழித்துவிட்டது. நீராவி அடிக்கலாமா?

வேண்டாம்; சூடு வாடையையும் கறையையும் இழையில் நிலைக்க வைத்துவிடும். துண்டால் ஒற்றி, குளிர்ந்த நீர் விட்டு மறுபடி ஒற்றி, என்சைம் கலந்த கிளீனரைப் பாட்டிலில் குறித்த நேரம்வரை விடுங்கள்.

கடலூர் வாசகர்: தீபாவளிக்கு முன் கழுவ ஆசை.

ஐப்பசி மழையில் எதைக் காய வைப்பீர்கள்? இப்போது உறிஞ்சி எடுப்பதோடு நிறுத்திவிட்டுப் பங்குனியில் கழுவுங்கள்.

அடையாறு வாசகி: வினிகருக்குப் பதில் எலுமிச்சையும் சோடாவும்?

அதே பொங்கல்தான், அம்மா. கூடவே எலுமிச்சைச் சக்கையை வேறு பொறுக்க வேண்டியிருக்கும்.