பார்க்கின்சன் நடுக்கத்தைக் கருவி வைத்து அளக்க முடியுமா?

அப்பாவுக்குப் பார்க்கின்சன், டாக்டர் கண்ணால் பார்த்தே மருந்தைக் கூட்டிக் குறைக்கிறார், இதற்குக் கருவி கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது.

டாக்டர் பார்ப்பதும் வெறும் ஊகமில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பத்து முறை வேகமாகத் தட்டச் சொல்வார். வேகம் குறைகிறதா, விரல் விரியும் அகலம் போகப் போகச் சுருங்குகிறதா, நடுவில் தயங்குகிறதா என்று கவனித்து 0 (இயல்பு) முதல் 4 (மிக மோசம்) வரை மதிப்பெண் போடுவார். ஆனால் ஒருவர் 2 போடும் இடத்தில் இன்னொருவர் 3 போடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் டாக்டரிடம் போனால் ஆள் நன்றாகத் தெரிவார். மூன்று மணி நேரம் கழித்து வீட்டில் அவர் படும் பாடு டாக்டருக்குத் தெரியாது.

மணிக்கட்டில் கட்டும் கருவி இங்கேதான் கைகொடுக்கிறது. உள்ளே இருக்கும் முடுக்கமானி அசைவைப் பதிவு செய்யும். பார்க்கின்சனில் ஓய்வாக இருக்கும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் நொடிக்கு 4 முதல் 6 முறை. அந்தத் தாளத்தைக் கணினி பிரித்தெடுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் உருவான பிகேஜி என்ற கருவி, மாத்திரை நேரத்தில் அதிர்ந்து நினைவூட்டவும் செய்யும். எந்தச் சிகிச்சை, கருவி பயன் தரும் என்று மதிப்பிட்டுச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023இல் இதையும் சேர்த்து ஐந்து கருவிகளை நிபந்தனையோடு பரிந்துரைத்தது.

ஆனால் பல் தேய்ப்பதுகூடச் சில சமயம் நடுக்கமாகப் பதிவாகலாம். கையில் கட்டியதை வைத்து, கால் தரையோடு ஒட்டி நின்றுபோவதைச் சரியாகப் பிடிக்கவும் முடியாது. அதனால் கருவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாத்திரை நேரத்தையும் நடுக்கம் திரும்பும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.