ஸ்பீட்ரன் நேரலையில் பந்தயம் எப்படி வைப்பது?

சேலம் அஸ்தம்பட்டி அறையில் நண்பர்களோடு சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஸ்பீட்ரன் (விளையாட்டை முடிந்தவரை வேகமாக முடிக்கும் முயற்சி) பார்க்கும்போது பந்தயம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் வேண்டாம். 2022 தமிழ்நாடு சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. 2025 மத்தியச் சட்டமும் பணம் கட்டும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கிறது. நேரலைத் தளமான ட்விட்சில் பார்வையாளர்கள் பார்த்தே சேர்க்கும் சேனல் பாயின்ட் போதும், அதைக் காசாக்க முடியாது. தோற்றவர் தட்டுவடை செட் வாங்கித் தரட்டும்.

கணக்கு இப்படி: ஜெயித்த பக்கத்தினர் தாங்கள் போட்ட அளவுக்கேற்ப மொத்தத்தையும் பிரித்துக்கொள்வார்கள். "ஆம்" பக்கம் 2,000, "இல்லை" பக்கம் 8,000 பாயின்ட். "ஆம்" பக்கத்தின் 2,000இல் உங்கள் 500 இருந்து ஜெயித்தால் மொத்தம் 10,000இல் கால் பங்கு, அதாவது 2,500 கிடைக்கும்.

கேள்வியில்தான் பெரும்பாலும் சொதப்பும். "சாதனை முறியுமா?" என்று கேட்டால் எல்லோரும் "இல்லை" பக்கம் போவார்கள், ஏனென்றால் பெரும்பாலான முயற்சிகள் பாதியிலேயே ரீசெட் ஆகும் (கைவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள்). அதற்குப் பதில், "8-1ஐத் (எட்டாம் உலகின் முதல் கட்டம்) தொடுவாரா?" என்று கேளுங்கள். ரீசெட் என்றால் "இல்லை" என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நொடிக்கணக்கில் பந்தயம் என்றால் ஒரு நுணுக்கம்: இந்த விளையாட்டில் கடைசிக் கட்டமான 8-4 தவிர மற்ற கட்டங்கள் 21 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் 21 படங்கள், சுமார் 0.35 நொடி) இடைவெளிகளில்தான் முடியும். அதற்குள் மிச்சப்படுத்தும் சிறு நேரம் கடிகாரத்தில் ஏறாது.

ஒளிபரப்பு ஆளுக்கு ஆள் சில நொடி தாமதமாகும். ஓட்டம் தொடங்கும் முன்பே பந்தயத்தை மூடிவிடுங்கள்.