கடன் வாங்குபவரைக் காணோமே!

(வங்கிக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்)

கேள்வி: கோவையில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். சுற்றுச்சூழலுக்கு உகந்த வங்கித் தொழில் பற்றிய மாணவர் கேஸ் போட்டியில் (ஒரு நிறுவனத்தின் பிரச்சினைக்குத் தீர்வு சொல்லும் போட்டி) எங்கள் நால்வர் அணி இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. 'ஒரு நடுத்தர வங்கி சிறுதொழில்களுக்குப் பசுமைக் கடன் (சுற்றுச்சூழலுக்கு உகந்த வேலைகளுக்கான கடன்) கொடுப்பதை எப்படி அதிகரிக்கலாம்?' என்பதுதான் கேஸ். ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள், காகிதமில்லாக் கிளை, மரம் நடுதல், வட்டிக் குறைப்பு என்று இருபது ஸ்லைடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் ஏதோ குறைகிறது. எங்களில் ஒருத்திதான் இங்கிலீஷ் சரளமாகப் பேசுவாள். அவளே முழுவதும் பேசட்டுமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: வாழ்த்துகள் அம்மா. நீங்கள் எழுதியிருக்கிற பட்டியலில் கடன் வாங்குகிற ஆளைக் காணோம். அவர் யார், எந்தக் காசிலிருந்து திருப்பிக் கட்டுவார்? இதைச் சொல்லாத திட்டத்தை எந்தக் கடன் கமிட்டியும் படிக்காது. நடுவர் வங்கிக்காரராக இருந்தால் அவரும் அப்படித்தான்.

ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது. ஒரு சின்ன பனியன் கம்பெனி முதலாளி கூரையில் 50 கிலோவாட் சோலார் போட நினைக்கிறார். நான் சொல்வதெல்லாம் உத்தேசக் கணக்கு; நேரில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். செலவு 25 லட்சம். 5 லட்சம் அவர் கைக்காசு, 20 லட்சம் வங்கிக் கடன். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்றால் மாதம் 6,000 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் மிச்சம் என்று வைத்தால் 42,000 ரூபாய்.

இப்போது தவணையைப் பாருங்கள். 10 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதம் சுமார் 42,500. மிச்சமாகிற காசு தவணைக்கே பத்தவில்லை. உங்கள் ஸ்லைடில் இருக்கிற மாதிரி வட்டியை ஒரு சதவீதம் குறைத்தால் சுமார் 41,500. ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம், அதற்கு வங்கி தன் லாபத்தை விட வேண்டும். அதே 10 சதவீதத்தில் தவணைக் காலத்தை 7 வருடமாக்கினால்? சுமார் 33,200. மின் கட்டணத்தில் மிச்சமாவதில் மாதம் எட்டாயிரத்துக்கு மேல் முதலாளி கையில் நிற்கும். பேனல் இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும் என்பதால் 7 வருடம் வங்கிக்கும் பெரிய பயமில்லை. மொத்த வட்டி அவருக்குச் சுமார் 2.4 லட்சம் கூடும். அதை நடுவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் பரிந்துரை இதுதான்: வட்டியில் கை வைக்காமல் காலத்தை நீட்டுவது. அப்புறம், மழை மாதங்களில் உற்பத்தி குறைந்தால் என்ன, ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடிக் கிடந்தால் என்ன, மின்வாரியக் கட்டணங்கள் மாறினால் என்ன என்று கணக்கை நீங்களே மோசமாக்கிப் பாருங்கள். நான் நடுவராக இருந்தால் அந்த ஒரு பக்கத்துக்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கடன் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும் என்றும் கேட்பார்கள். 'பசுமை டெபாசிட்' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். பசுமைத் திட்டங்களுக்குக் கொடுப்பதற்கென்றே வங்கி வாங்கும் டெபாசிட் அது. ரிசர்வ் வங்கியின் பசுமை டெபாசிட் விதிமுறைகள் 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பணம் எங்கே போனது என்று ஆண்டுதோறும் வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும். அந்தச் செலவும் வங்கியின் தலையில்தான். டெபாசிட்டுக்கு வட்டியைக் குறைத்துக் கொடுத்தால் டெபாசிட்தாரர் ஏன் வர வேண்டும் என்பதற்குப் பதில் வைத்திருங்கள்.

வங்கிக்கு இதில் என்ன அக்கறை என்ற கேள்விக்கு உலக வெப்பநிலை வரைபடம் வேண்டாம், திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைச் சொல்லுங்கள். சாயக்கழிவு ஆற்றில் கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். அந்தக் காலத்தில் கடன் பிரிவில் இருந்த எங்களுக்கு அது மறக்காது. நேற்று வரை ஒழுங்காகக் கட்டியவர், இன்று மிஷின் ஓடாததால் கட்ட முடியாமல் நிற்கிறார். ஆற்றைக் கெடுத்த தொழிலுக்குக் கொடுத்த கடனும் கெட்டுப்போகும் என்பதை ஒரு ஊரே பார்த்தது. இதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது.

பேசுவது பற்றி: கணக்குப் போட்டவர்தான் கணக்கைச் சொல்ல வேண்டும். தடுமாறினாலும் பரவாயில்லை. சரளமாகப் பேசும் தோழி தொடங்கட்டும், முடிக்கட்டும். ஆனால் '7 ரூபாய் எப்படி வந்தது?' என்று நடுவர் கேட்கும்போது அந்தத் தோழி திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தால் அணியே பலவீனமாகத் தெரியும். இருபது ஸ்லைடை எட்டாக்குங்கள். மரம் நடுதலை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் வங்கித் தேர்வுக்குப் படிப்பதை விட்டு இதுபோன்ற கேஸ் போட்டிக்கு அலைகிறான். இதனால் வேலைக்குப் பயன் உண்டா?
- ஒரு தந்தை, ஈரோடு

பதில்: எழுத்துத் தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது. கிளார்க் பணிக்கு நேர்முகத் தேர்வும் இல்லை. அதிகாரி பணிக்கு உண்டு. அங்கே ஒரு சிறுதொழில் கடனைத் தானே கணக்குப் போட்டுப் பார்த்தவன் பேசுவது தனியாகத் தெரியும். போட்டி முடியும்வரை விடுங்கள். தினம் ஒரு மணி நேரம் மட்டும் தேர்வுப் பயிற்சி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.